வராத அம்மைக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்கு அம்மை வந்து போனது ஊருக்கே தெரியும். வரவில்லை என்பது அப்போது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, என்னைப் பெற்ற அம்மாவுக்கு, கோயம்புத்தூரில் இருந்த ஒரு தோல் டாக்டருக்கு.

செல்போன் புதிதாகக் கைக்கு வந்திருந்த வருஷங்கள் அவை. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். டியூப்லைட்டுக்குக் கீழே டீசர்ட்டை விரித்து, திருப்பி, ஓட்டை இருக்கிறதா, ஆயில் கறை இருக்கிறதா என்று பார்ப்போம். ஏதாவது இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி செகண்ட்ஸ் பெட்டியில் போடுவோம். என் முகமும் செகண்ட்ஸ்தான். பத்தாவது படிக்கும்போது வந்த பருக்கள் போகிற போக்கில் இரண்டு கன்னத்திலும் குழி தோண்டிவிட்டுப் போயிருந்தன.

பெண் பார்க்க வந்தார்கள். அனுப்பர்பாளையத்தில் சொந்தமாக பனியன் யூனிட் வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். என் டேபிளில் பீஸைத் திருப்புவோமே, அதே திருப்பு. "மூஞ்சில கொஞ்சம் குழி குழியா இருக்குதுங்க. அதனால என்னங்க, பரவாயில்லீங்க" என்றார். நிச்சயம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தப் பரவாயில்லீங்க கன்னத்தில் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு நாலு மாதம் இருந்தது. அதற்குள் முகத்தைச் சரிசெய்து கொண்டுதான் மணவறையில் உட்காருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "தோல் டாக்டர்கிட்டப் போனது வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா, புள்ளைக்கு ஒடம்புல வெள்ளை விழுந்திருக்குதுன்னு கதை கட்டிருவாங்க. நிச்சயம் நின்னு போயிரும்." அவள் சொன்னது பொய்யில்லை. அப்படி நின்றுபோன கல்யாணங்களை நானே பார்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் லேசரால் மேல்தோலை உரித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை வாயாலும் சொன்னார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்ற வேண்டும். களிம்பு காயவே விடக்கூடாது. பொருக்கு தானாக உதிரும், கை வைக்கக் கூடாது. வெயில் படவே கூடாது. சோப்பு, பவுடர் எதுவும் ஆகாது. "முக்கியமா மஞ்சள். நம்ம ஊர்ல புண்ணுன்னா எல்லாரும் மொதல்ல அதைத்தான் தூக்கிட்டு வருவாங்க. பக்கத்துலயே விடாத. இது பச்சைப் புண்ணும்மா. நம்ம தோல் சட்டுன்னு கறுத்துப் போகும். கறுத்தா வருஷக்கணக்குல போகாது." நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினேன். அம்மா அந்தத் தாளை நாலாக மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

கண்ணாடியில் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. முகமெல்லாம் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டிக் கிடந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது? அம்மாவின் மூளையே மூளை! மறுநாள் காலையில் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டாள். எனக்கு அம்மை போட்டிருக்கிறது. அவ்வளவுதான், எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் பொசுக்கென்று நுழைய மாட்டார்கள். பெண் வெளியே வரவில்லையே என்று கேட்க மாட்டார்கள். வெயிலும் படாது. ஊரார் நம்ப வேண்டும் என்பதற்காக அம்மா சமையலில் தாளிப்பதைக்கூட நிறுத்தினாள். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. அதை மறைக்க மாட்டேன். மாரியாத்தா மேல் பழி போட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா. கையில் கோயில் தீர்த்தம், ஒரு கட்டு வேப்பிலை, தூக்குப் போசியில் அரைத்த மஞ்சள்.

அம்மா உள்ளே ஓடி வந்தாள். "களிம்பு பளபளன்னு தெரியுதுடி, தொடை, தொடை!" அவளே பஞ்சால் அவசர அவசரமாகத் துடைத்தாள். டியூப் தலையணைக்கு அடியில் போயிற்று.

"ஆத்தா வந்திருக்கறப்ப வரப் போற மருமகளப் பாக்காம நான் எப்படிங்க ஊட்ல உக்காந்திருக்கறது?" என்று சொல்லிக்கொண்டே அவர் என் பாயில் வந்து உட்கார்ந்தார். மஞ்சளையும் வேப்பிலைச் சாந்தையும் உள்ளங்கையில் குழைத்தார்.

"வேண்டாமுங்கத்தை. எரியுதுங்க."

"எரியத்தான் செய்யும் கண்ணு. ஆத்தா எறங்கறப்ப எரியாதா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். 'இது அம்மை இல்லீங்க.' அதைச் சொன்னால் முகம் பிழைக்கும், கல்யாணம் போகும். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அவர் பூசினார். கன்னத்தில், நெற்றியில், மூக்கில், அழுத்தித் தேய்த்துப் பூசினார். பொருக்கு அவர் விரலோடு பிய்ந்து வந்தது. நான் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் கண் கலங்கி, "பொறுத்துக்க சாமி, பொறுத்துக்க" என்றார். அந்தக் கையில் துளி வஞ்சகம் இல்லை. இருந்திருந்தால் இன்றைக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

அதோடு விட்டாரா? ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் வந்துவிட்டார். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட அண்டாவை வாசல் வெயிலில் வைத்துச் சூடேற்றி, என்னையும் அதே வெயிலில் மணையில் உட்கார வைத்து, தலையோடு ஊற்றினார். அம்மா சொம்பை எடுத்துக் கொடுத்தாள். வெயிலும் மஞ்சளும் கூடாது என்று எழுதிய தாள் அரிசி டிரம்முக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அடுத்த முறை டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு மஞ்சள் போட்டது?"

"யாரும் போடலீங்க டாக்டர்" என்றாள் அம்மா. நகக்கண்ணில் மஞ்சள் போகாமல் இருந்தது அவளுக்கு.

குழிகள் கொஞ்சம் மேடேறியிருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கன்னத்திலும் கல்லில் தீய்ந்த தோசை மாதிரி கறுப்புப் படர்ந்துவிட்டது. கல்யாண போட்டோவில் அப்பிய பவுடருக்குள்ளிருந்து அது எட்டிப் பார்க்கிறது.

கல்யாணம் நடந்தது. மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் என் கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். "அம்மை வந்து போன மூஞ்சிங்க. என்ற கையாலயே மஞ்சள் பூசுனனுங்க, அதனால இத்தோட போச்சு." கேட்டவர்கள் அவரைப் புகழ்வார்கள். நான் காப்பித் தட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். காப்பாற்றிய ஆத்தாளுக்கு நன்றிக்கடன் என்று மாரியம்மன் கோயில் பொங்கல் சாட்டும்போது என் தலையில் மாவிளக்குத் தட்டை ஏற்றி அனுப்புவார். தூக்கிக்கொண்டு போவேன். கதவைச் சாத்திக்கொண்டு தினமும் கிரீம் போட்டேன். குடை இல்லாமல் வாசல் தாண்டமாட்டேன். இரண்டு வருஷத்தில் கறுப்பு மங்கத் தொடங்கியது. ஒரு நாள் கண்ணாடியைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில் என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டது. நிஜ அம்மை.

மாமியார் அறைக்குள் கால் வைக்கவில்லை. "எனக்கு வந்ததே இல்ல கண்ணு, இந்த வயசுல வந்தா தாங்க மாட்டேன். உனக்குத்தான் ஏற்கெனவே வந்து போயிருச்சே. மறுக்கா வராது. நீயே பக்கத்துல இருந்து பாத்துக்க."

மாடிக்குப் போய் அம்மாவுக்கு போன் செய்தேன். "எனக்கு அம்மை வந்ததே இல்லையேம்மா. நான் எப்படிம்மா பக்கத்துல இருக்கறது?"

"மெதுவாப் பேசுடி! கையக் காலக் கழுவிக்க. மூஞ்சிய முந்தானையில மூடிக்க. ஒண்ணும் ஆகாது. இப்பப் போயி வாயத் தொறந்து வாழ்க்கையக் கெடுத்துக்காத."

பதினோரு நாள் விசிறினேன், கஞ்சி கொடுத்தேன், கொப்புளத்தில் வேப்பிலையால் வருடினேன். அவர் எழுந்து நடமாடிய வாரத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த நாள் காலை கன்னத்தில் கை வைத்தேன். முத்து முத்தாக இருந்தது.

மாமியார் மஞ்சள் கிண்ணத்தோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "ரெண்டாந்தடவையா? ஒருக்கா வந்தவங்களுக்கு மறுபடி வந்து நான் பாத்ததே இல்லையே. ஆத்தாளுக்கு என்ன கொறை வெச்ச கண்ணு? என்ன தப்பு செஞ்ச?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல வந்தது ஆத்தா இல்லீங்கத்தை. கோயமுத்தூர்ல லேசர் வெச்சு மூஞ்சித் தோல உரிச்சாங்க. அந்தப் பச்சைப் புண்ணுலதான் நீங்க மஞ்சள் பூசுனீங்க. அதுலதான் கறுத்துப் போச்சு."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பூசியிருப்பனா? உன்னைய அவன் பக்கத்துல உக்கார வெச்சிருப்பனா?"

"சொல்லியிருந்தா என்னைக் கட்டிட்டு வந்திருப்பீங்களாங்கத்தை?"

அவர் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அம்மா இளநீரோடு வந்தாள். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "சொல்லிட்டியாமே! ஏண்டி சொன்ன? இத்தனை நாள் கட்டிக் காத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து வெளியே போனாள்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரம்மா அவளை நிறுத்திக் கேட்பது அறைக்குள் கேட்டது. "ஏனுங்க, உங்க புள்ளைக்குத்தான் முன்னாலயே ஒருக்கா வந்து போயிருச்சுங்களே?"

"ஆமாங்க, இது ரெண்டாந்தடவைங்க" என்றாள் என் அம்மா. "ஆத்தாளுக்கு இவளை அவ்வளவு புடிச்சுப் போச்சுங்க."

தலைமாட்டில் கிடந்த வேப்பிலைக் கொத்தை எடுத்துக் கதவின் மேல் வீசினேன். அது கதவில் பட்டுக் கீழே விழுந்தது. வெளியே பேச்சு நிற்கவில்லை.