யூரியாவால் இல்லை

என் மனைவியின் கை நடுக்கத்தைத் தஞ்சாவூரில் காட்டியபோது, அது பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டர். மூளையில் டோபமைன் என்ற ஒன்று குறைந்துபோகிறதாம். ஏன் குறைகிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டாக்டர்கள் முன்னால் நான் எப்போதும் அப்படித்தான்.

எங்கள் மகள் வெளியூரில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தவளிடம் கேட்டேன். அவள் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உடம்புல நைட்ரஜன் சேர்ந்த சில பொருள் உண்டாகும்ப்பா. அளவா இருந்தா நல்லது. மிஞ்சிப்போனா டோபமைனோட சேந்து அதைக் கெடுத்துடும். இந்த நோய்க்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்." கையிலிருந்த வாழைப்பூத் துண்டைக் காட்டினாள். "இது காத்துப் பட்டுக் கறுக்குதுல்ல, கிட்டத்தட்ட அப்படி."

நைட்ரஜன் என்ற பெயர் எனக்குத் தெரியும். யூரியா மூட்டையில் அச்சடித்திருக்கும்; ஐந்தாவது வரை படித்ததில் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னோடு வயலில் இறங்கி, வெறுங்கையால் யூரியா தெளித்தவள் என் மனைவி.

"யூரியாவாலயா?" என்றேன்.

"இல்லப்பா. அது வேற. இதை உடம்பே உண்டாக்குது."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால், யூரியா என்றால் மறுநாளே நிறுத்தியிருப்பேன். விளைச்சல் போனால் போகட்டும். இதை எங்கே போய் நிறுத்துவது?

"வாழைப்பூவ மோருல போட்டா கறுக்காது. என் தலைய எந்த மோருல முக்கப்போற?" என்றாள் மனைவி. கேலிதான். ஆனால் முகம் அசையவில்லை. சிரிப்பை அந்த நோய் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது.

"அதைத்தாம்மா எல்லாரும் தேடுறாங்க."

"கண்டுபிடிச்சா, போனதெல்லாம் திரும்ப வருமாடி?"

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "வராதும்மா" என்றாள்.

மனைவி, "சரி, சோத்தப் போடு, பசிக்குது" என்றாள்.

மகள் வந்திருக்கும் நாட்களில் மனைவி எங்களோடு சாப்பிட மாட்டாள். சோறு சிந்துவதை மகள் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் எழுந்த பிறகு சமையலறையில் தனியாகச் சாப்பிடுவாள். அன்று கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

மகள் முன்னால் அவள் பக்கத்தில் நெருங்கி உட்காரவே கூச்சப்படுகிறவன் நான். சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"உப்புக் கம்மி" என்றாள்.

அவள் விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த கவளத்தை உருட்டினேன்.