ஜப்பான்காரி பாடிய நன்னிலத்துப் பாட்டு

போன வாரம் வங்கியில் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நண்பர் ஒருவர் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். 'ஜப்பான் பெண் பாடிய தமிழ் நடவுப்பாட்டு' என்று தலைப்பு. படத்தில் பூப்போட்ட குடை பிடித்த ஒரு வெளிநாட்டுப் பெண். பாட்டு இரண்டு வரி போவதற்குள் எனக்குக் காது சூடாகிவிட்டது. கீழே கருத்துகள் வேறு. 'இவரின் தமிழ்ப்பற்றுக்குத் தலைவணங்குகிறேன்.' 'நம் பெண்களுக்கு இந்த உச்சரிப்பு வருமா?' தஞ்சாவூரைத் தாண்டி எங்கும் போகாத ஒருத்தியைப் பற்றித்தான் இத்தனையும்.

கோபத்தை அவர்கள் மேல் காட்ட முடிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முடியாது. அந்தத் தலைப்புக்கு மூலகாரணமான மகானுபாவன் நான்தான்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு கேசட் கடையில் எனக்கு வேலை. தமிழில் முதுகலை படித்துவிட்டு, கேசட் டப்பாவுக்குள் மடித்து வைக்கும் அட்டைக்குத் தலைப்பு எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். வீட்டில் மட்டும் 'ரெக்கார்டிங்ல இருக்கான்' என்று சொல்லிக்கொண்டார்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவரில் சாக்கு அடித்து, அதற்கு ஒலிப்பதிவுக் கூடம் என்று பெயர். டேப் ஓடும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டே இருப்போம். இன்றைக்கும் ஊசி போடுமுன் நர்ஸ் என் கையில் பஞ்சைத் தேய்த்தால், அந்த அறையும் கூடவே பாக்கியம் அக்காவும் வந்துவிடுவார்கள்.

பாக்கியம் அக்கா நன்னிலம் பக்கத்தில் நடவுக்குப் போகிறவர். அவர் ஒரு வரி பாட, வரிசையில் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அப்படி நான்கு பெண்களோடு வந்திருந்தார். மைக் முன்னால் நிறுத்தினோம். பாட்டு வரவில்லை. தண்ணீர் குடித்தார், கனைத்தார், சிரித்தார்.

"நிமுந்து நின்னா வரமாட்டேங்குது தம்பி. கையில நாத்து இல்ல, கால்ல சேறு இல்ல. எப்புடிப் பாடுறது?"

அப்புறம் அவரே சட்டென்று குனிந்தார். நால்வரும் வரிசையாகக் குனிந்தார்கள். பாட்டு மடை திறந்த மாதிரி வந்தது. கப்பலேறிப் போய்க் கடிதம் போடாத புருஷனை வைகிற பாட்டு. மைக்கை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். வெறும் தரையில் நட்டுக்கொண்டே, நடவில் போகிற மாதிரி, பின்பக்கமாகவே நகர்ந்தார்கள். நானும் மைக்கைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி அவர்களோடு கூடவே போனேன். சுவரில் முட்டியதும் குலவை போட்டு முடித்தார்கள். அந்த அறையின் நீளம்தான் அந்தப் பாட்டின் நீளம். இரண்டு நாள் எனக்கு இடுப்பு நிமிரவில்லை.

'நன்னிலம் பாக்கியம் நடவுப்பாட்டு' என்று எழுதிக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன்.

"நடவுப்பாட்ட வயல்லயே சும்மா கேக்குறான். இதப் போட்டா எவன்யா வாங்குவான்? ஒரு தேசத்தப் போடுய்யா."

"பாட்டுல தேசமே இல்லீங்களே."

"பாட்டுல எதுக்கு? அட்டையில இருந்தாப் போதும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சினிமாச் சுவரொட்டிகளை நினைத்துப் பாருங்கள். தலைப்பில் ஒரு நாடு இருக்கும். படத்தில் அந்த நாட்டு ஆள் ஒருவர்கூட இருக்க மாட்டார். பெயரில் ஒரு தேசத்தைச் சேர்த்துவிட்டால் ஆளை உருவாக்குகிற வேலை மிச்சம். சிங்கப்பூர் என்றால் சென்ட் வாசனை, அமெரிக்கா என்றால் கோட்டும் திமிரும். மீதியைப் பார்க்கிறவனே நிரப்பிக்கொள்வான். பட்டுக்கோட்டைக்காரி என்று போட்டால் அவனுக்கு அவன் அத்தை ஞாபகம் வந்துவிடும். அத்தையைப் பார்க்க எவன் டிக்கெட் எடுப்பான்?

கடையில் இருந்த டேப்ரிக்கார்டர் ஜப்பானில் செய்தது. அதைப் பார்த்துக்கொண்டே 'ஜப்பான்காரி' என்று எழுதினேன். "ஜப்பான்லயும் நெல்லு நடுறாங்கங்க, பொருத்தமா இருக்கும்" என்று வக்காலத்து வேறு. அச்சகத்துக்காரர் பழைய காலண்டரிலிருந்து குடைக்காரியைக் கொடுத்தார். அந்த நாட்டுப் பெண் யாராவது இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. குத்தாலம் வரைக்கும் டீக்கடை டீக்கடையாக அந்தக் கேசட் பாடியது. 'தலைப்பு நான் போட்டது' என்று நானும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கேசட்டைக் கொடுக்க நான்தான் நன்னிலம் போனேன். பாக்கியம் அக்கா வாய்க்காலில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இந்தப் பொண்ணு யாரு தம்பி?"

"சும்மா ஒரு படம்க்கா."

"எம் பேரு எங்க போட்டுருக்கு? தொட்டுக் காட்டு."

ஜப்பான்காரி என்ற பெரிய எழுத்துகளின் மேல் விரலை வைத்தேன். "இதாங்க்கா."

அவர் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இம்மாம் பெருசாவா!" என்றார். பேச்சை மாற்றி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

வீடியோவின் கீழே எழுதினேன்: 'இவர் ஜப்பான்காரர் அல்ல. நன்னிலம் பாக்கியம். பதிவு செய்த கடையில் நான் வேலை பார்த்தேன்.' ஐந்து நிமிஷத்தில் ஒருவர் கேட்டார்: 'ஆதாரம் உண்டா?'

நேற்று ஒரு பெண் போன் செய்தாள். பாக்கியம் அக்காவின் மகள், பள்ளி ஆசிரியை. நான் எழுதியதைப் பார்த்து, யார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கியிருக்கிறாள். அக்கா இறந்து ஆறு வருஷமாகிறதாம்.

"நான் கைக்குழந்தையா இருந்தப்ப வந்த வெள்ளத்துல கேசட்டு போயிடுச்சு சார். ஆனா அட்டையில தன் பேரு பெருசா போட்டிருந்துச்சுன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அந்த அட்டை உங்ககிட்ட இருக்குமா? அதப் போட்டா எல்லாரும் நம்பிடுவாங்க."

"தேடிப் பாக்குறேம்மா" என்றேன்.

தேட ஒன்றுமில்லை. அட்டை என் பீரோவில்தான் இருக்கிறது. கடை போய்விட்டது, கேசட் போய்விட்டது, வரிசையாகக் குனிந்து பாடுகிறவர்கள் போய் நடவுக்கு மிஷின் வந்துவிட்டது. இவையெல்லாம் ஒரு காலத்தில் இருந்து, பிறகு போனவை. அக்காவின் பெயர் அந்த அட்டையில் ஒருநாளும் இருந்ததில்லை. நாளைக்குக் காலையில் மறுபடி கூப்பிடுவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியும்.