பன்னிரண்டு பைக் கோட்டு

துபாய் சத்வாவில் இருபத்தாறு வருடமாகத் தையல் மெஷின் மிதிக்கும் அதிராம்பட்டினத்து மீராசா, வேலைக்காக இல்லாமல் எங்கேயும் போனவரே இல்லை. அப்பேர்ப்பட்டவருக்கு சூப்பர் மார்க்கெட் குலுக்கலில் விழுந்தது என்ன தெரியுமா? நியூசிலாந்துக்கும் தெற்கே, மனிதரைவிடப் பெங்குவின்கள் அதிகமுள்ள தீவுகளுக்குக் கப்பல் பயணம். பதிலாகக் கார் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அந்த மண்ணில் ஒரு தடவையாவது கால் வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

குளிருக்குத் தானே ஒரு கோட்டு தைத்தார். பை மட்டும் பன்னிரண்டு. தலைகால் புரியாத சந்தோஷத்தில், துபாய் வெயிலில் அதை மாட்டிக்கொண்டே கராமா ஹோட்டலுக்கு வழியனுப்பு பிரியாணி சாப்பிடப் போனார். கல்லாவில் இருக்கும் சோம்பை ஒரு கை அள்ளாமல் நம் ஆட்களில் எவர் வெளியே வந்திருக்கிறார்கள்? அன்று அள்ளியதெல்லாம் மீராசாவின் பைகளுக்கே போனது. கப்பலில் குமட்டினால் மெல்லட்டும் என்று கூட்டாளி காதர் மைதீன் மட்டும் மூன்று பைகளை நிரப்பினார்.

தீவு கண்ணில் பட்ட காலையில், இறங்குகிறவர்களின் உடுப்பையெல்லாம் சோதித்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் பாலக்காட்டுப் பெண் தன்யா கோட்டை உதறினாள். சோம்பு மழையாகக் கொட்டியது. வாக்குவம் வைத்து உறிஞ்சியும் பைகளின் தையல் இடுக்கில் போனது வரவில்லை.

"அங்கிள், ஒரு விதை முளைச்சாக்கூட தீவு கெட்டுப் போகும். இந்தக் கோட்டோட விட முடியாது."

வேறு கோட்டு இல்லை. இரவல் கோட்டுகளும் தீர்ந்துவிட்டன. கடைசிப் படகுக்கு இருபது நிமிடம். மீராசாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மவளே, ஒரு கத்திரிக்கோல் குடு."

பார்த்துப் பார்த்துத் தைத்த பைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். தன்யா மறுபடி உதறினாள். ஒன்றும் விழவில்லை. தலையசைத்தாள். யல்லா, யல்லா என்று படகுக்காரனை விரட்டிக்கொண்டு இறங்கினார்.

கரையெல்லாம் பெங்குவின்கள். மீராசா மணலில் உட்கார்ந்ததும் ஒன்று தத்தித் தத்தி வந்து, பை இருந்த இடத்தைக் கொத்திப் பார்த்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒண்ணுமில்ல ராசா, எல்லாம் மாஃபி, காலி."

விறைத்த கைகளை வைக்கப் பை இல்லாமல் மடியில் போட்டுக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் அவை சும்மா இருந்தது அன்றுதான்.