இரண்டு தோட்டா, ஒரே சன்னம்

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் மெல்பேர்ன் துப்பாக்கிக் கடை ஒன்றில் வேலை செய்தேன். அதற்கு முன் இறைச்சித் தொழிற்சாலை, அதற்கும் முன் கப்பல். பாதியில் படிப்பை விட்டவனுக்குக் கிடைத்ததுதான் வேலை. கடையில் நான் தோட்டாப் பெட்டிகளை அடுக்க வேண்டும். ஒரு சுவர் நிறைந்தபின்னும் பெட்டி மிஞ்சும், அத்தனை வகை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் சுடுகிறவனுக்குத் தெரியும், சுடப்படும் மிருகத்துக்குத் தெரியாது. பாதியைத் தூக்கி எறிந்தாலும் ஒரு வேட்டைக்காரனும் வெறுங்கையோடு திரும்பமாட்டான் என்று அன்றே முடிவுகட்டினேன். இன்றும் அதே முடிவுதான்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவர் இலங்கையில் வன்னிப் பக்கத்து மனிதர், என்னைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். டிராமில் கண்டக்டர். நாள் முழுக்க நின்றுநின்று அவருக்கு முழங்கால் வீங்கிவிடும். உட்கார்ந்து ஓட்டும் சாரதி வேலைக்கு அவரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கண் பரிசோதனை. அதில் தவறினால் முழங்கால் இருக்கும்வரை டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்.

அதற்கு முந்திய சனிக்கிழமை மலைப்பக்கம் மரை வேட்டைக்குப் போனோம். ஆம், நம் காட்டுக் கடமான், அதே மரைதான். யாரோ வெள்ளைக்காரர் ஒரு காலத்தில் கப்பலில் கொண்டுவந்து விட்டது, இங்கே பெருகிக் கிடந்தது. அண்ணையின் பழைய துப்பாக்கி .30-06. என்னுடையது .308. அட்டைப்பெட்டி பனியில் ஊறிவிடும் என்று இரண்டின் தோட்டாக்களையும் அவர் ஒரே பிஸ்கற் டின்னில் கொட்டியிருந்தார்.

"அண்ணை, கலக்காதேங்கோ. என்ரை கட்டை, உங்கடை நெட்டை."

"சன்னம் ரெண்டும் ஒண்டுதானே?"

"சன்னம் ஒண்டுதான். பாயிற குண்டு ஒண்டு, கோதுதான் நீளம் வேறை."

"பிறகென்ன? செத்த மரை எழும்பி அளந்து பாக்கப்போகுதே? உன்ரை முதலாளி யாவாரத்துக்குச் சொல்லுற கதையளை என்னட்டைக் கொண்டு வராதை."

அதில் பாதி நானே தினமும் சொல்வது. மற்றப் பாதிதான் ஆபத்து. கட்டைத் தோட்டா நெட்டைத் துப்பாக்கிக்குள் போய் உட்காரும், வெடிக்கவும் செய்யும். ஆனால் முன்னால் வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தை நிரப்பப் போய்ப் பித்தளைக் கோது விரிந்து கிழியலாம், வெடிப்புகை சுடுகிறவன் கண்ணுக்கே திரும்பலாம்.

மூடுபனிக்குள் கொம்பன் மரை ஒன்று வந்து நின்றது. அண்ணை சுட்டார். சத்தமே சரியில்லை. மரை ஓடிவிட்டது. அண்ணை துவக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார்.

"கண் போச்சடா!"

ஓடைக்கு இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன்.

"தெரியுதோ அண்ணை?"

"உன்ரை மூஞ்சை தெரியுது."

"கலங்கலில்லாமல் வடிவாத் தெரியுதோ?"

"வடிவாத் தெரியேல்லை. அது ஒரு ஆறுதல்."

வலது கண் சிவந்து, இமையில் கருந்துகள் ஒட்டியிருந்தது. துப்பாக்கியைத் திறந்து கோதை எடுத்தேன். கழுத்தே இல்லாமல் குழாயாகி, பக்கவாட்டில் கிழிந்திருந்தது. என் தோட்டா.

திரும்பும் வழியெல்லாம் அண்ணை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னால் போன கார்களின் இலக்கத்தகடுகளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். சிலவற்றைப் பிழையாகப் படித்தார். நான் திருத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எனக்குக் கோபம் ஏறியது. பட்டாளத்துக்குக் கட்டையான தோட்டா தேவைப்பட்டதாம், செய்தார்களாம். சரி, செய்யட்டும். செய்தவர்கள் பழையதை நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே மரையை ஒரே சன்னத்தால் ஒரே தூரத்தில் விழுத்த இரண்டு தோட்டா எதற்கு? நான் அடுக்கிய அந்தச் சுவரில் இப்படி எத்தனை சோடி இருந்திருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அண்ணை உப்புத்தண்ணீரும் ஈரத்துணியுமாகக் கிடந்தார். சிவப்புக் குறைந்தது, துகள் போகவில்லை. திங்கள் காலை சேவ் எடுத்து, சீருடை போட்டுப் போனார். நான் வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருந்தேன். மத்தியானம் கதவைத் திறந்தவரின் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னண்ணை?"

"கடைசி வரிவரைக்கும் வாசிச்சிட்டன். டொக்டர் இமையைப் பிரட்டிப் பாத்திட்டு, இதென்ன கறுப்பு எண்டு கேட்டவர். பொய் சொல்லி என்ன செய்யிறது? நடந்ததைச் சொன்னன்."

"ஐயோ! பிறகு?"

"பேனையை வைச்சிட்டார். அந்தாளும் வேட்டைக்காரனாம். ரெண்டும் கூடாது, மரைக்கு ரூ செவன்ரிதான் எண்டு தொடங்கினவர், வெளியிலை சனம் இருமிக்கொண்டு நிக்குது, அவர் நிப்பாட்டேல்லை."

"மூண்டாவது தோட்டாவோ, .270ஓ? நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

அண்ணை சப்பாத்தைக் கழற்றி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார்.

"நான் என்னத்தைச் சொல்ல? அந்தாள் கையெழுத்து வைச்சுத் தரும்வரைக்கும் எனக்கும் ரூ செவன்ரிதான்ரா உலகத்திலேயே திறமான துவக்கு."