தெலுங்கில் வந்த செய்தி

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் ஒரு ஜூனியர் காலேஜில் நான் தமிழ்ப் பாடம் நடத்துகிறேன். வாரத்தில் ஒரு பீரியட் லைப்ரரிக்கு என்று டைம்டேபிளில் இருக்கும். லைப்ரரி அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்ததால் பிள்ளைகள் அந்த பீரியடைத் தூங்கியே கழித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டு போனில் வரும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளை நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் பார்த்தோம். சர்க்கரை வியாதியை மூன்றே நாளில் விரட்டும் இலை பற்றிய செய்தி வந்த அன்று வகுப்பே சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

ஒன்றைக் கவனித்தேன். தமிழில் வந்ததைக் கிழி கிழியென்று கிழிக்கிற பிள்ளைகள் தெலுங்கில் வந்ததைத் தொடவே மாட்டார்கள். "இது தெலுங்குல கீது டீச்சர், நெஜமாத்தான் இருக்கும்" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் தெலுங்கு. பிறந்ததிலிருந்து சர்க்கார் எங்களிடம் தெலுங்கில்தான் பேசியிருக்கிறது. "ஏன், பொய் சொல்றவனுக்குத் தெலுங்கு வராதா?" என்று நன்றாகக் கிண்டல் செய்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வகுப்பில் ஒரு பெண். அப்பா பவர்லூம் ஓட்டுகிறவர். அந்த வீட்டில் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த முதல் ஆள் அவள்தான். நர்சிங் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரு புதன்கிழமை திருப்பதிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று போகாவிட்டால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும்.

செவ்வாய் சாயங்காலம் அவள் அப்பா எனக்கு போன் செய்தார். மழையால் சரிபார்ப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பு என்று அவருக்கு ஒரு செய்தி வந்திருந்தது. எனக்கும் அனுப்பினார். சுத்தமான ஆபீஸ் தெலுங்கு. கீழே வட்டமாக ஒரு முத்திரை. ஒரே பார்வையில் படித்துவிட்டு, "ஆமாங்க, தள்ளி வெச்சிட்டாங்க. நீங்க நாளைக்கு வேலைக்குப் போங்க" என்றேன்.

அவரிடமிருந்து அவள் போனை வாங்கினாள். "டீச்சர், யார் போட்டதுன்னே இதுல இல்லியே. தேதியும் இல்ல."

"அதான் முத்திரை இருக்குதே. நான் சொல்றேன் இல்ல? வெய்யி போனை" என்று எரிந்து விழுந்தேன். அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "நானும் நைனாவும் திருப்பதிக்குப் போய்க்கினு இருக்கோம். புத்தூர் தாண்டிட்டோம். கோவிச்சுக்காதீங்க டீச்சர்." எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே காலேஜுக்குப் போனேன்.

பத்து மணிக்கு அவளே போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம். "இங்க லைன் ரோட்டு வரைக்கும் கீது டீச்சர். தள்ளி வெக்கவே இல்லியாம். அந்த மெசேஜ் போன வருஷத்துதுன்னு கேட் வாசல்ல சொல்றாங்க."

ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் சீட்டு அடுத்தவருக்குப் போயிருக்கும். கேட்காமல் போனாளே, அதற்கு இன்றைக்கும் மனசார நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சீட்டு கிடைத்தது. அடுத்த வாரம் அப்பாவும் மகளும் மல்லிப்பூவும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கை கூப்பினார். "நீங்க மட்டும் அன்னிக்கு மறுபடியும் போன் பண்ணி, எதுக்கும் போய்ப் பாருங்கன்னு சொல்லலைன்னா இவ சீட்டு போயிருக்கும் டீச்சரம்மா."

நான் மறுபடியும் போன் செய்யவே இல்லை. அவளைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் புரிந்தது. அவளாகச் சொன்னால் அப்பா ஒரு நாள் வேலையை விட்டு பஸ் ஏற மாட்டார். டீச்சர் சொன்னார் என்றால் ஏறுவார். ஒரு செய்தி உண்மையா என்று பார்க்க என் பெயரிலேயே ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாள், கெட்டிக்காரி.

நன்றியை வாங்கிக்கொண்டு காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம். மனசு ஒப்பவில்லை. "நான் போன் பண்ணலைங்க. நான் சொன்னது தப்பு. போய்ப் பாக்கணும்னு முடிவு பண்ணது உங்க பொண்ணு" என்றேன்.

அவள் திட்டு வாங்கத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பாப்பா, நீ சொன்னா நான் வரமாட்டேனா?"

"வந்திருப்பியா நைனா?"

அவர் யோசித்தார்.

"வந்திருக்க மாட்டேன்" என்றார். "இனிமே வர்றேன்."