ஏழாம் வெடிப்பு

என் அலுமாரியில் உள்ளங்கை அகலக் கண்ணாடித் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒட்டிய தாளில் ‘வெடிப்பு 7’ என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து.

யுத்த காலத்தில் குழாய்க் கிணறு தோண்டும் அலுவலகம் ஒன்றில் எழுத்து வேலை பார்த்தேன். நாங்கள் சேர் என்று கூப்பிடும் எங்கள் பொறியியலாளர், வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரையின் அடிப்பாறையைப் போல ஒரு பெட்டி செய்திருந்தார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கருங்கற்களை இறுக்கி அடுக்கி, பாறையில் உள்ள வெடிப்புகளைப் போலவே இடைவெளி விட்டு, இறப்பர் குழாயால் உடுப்பு நீலம் கரைத்த தண்ணீரை விடுவார். அகன்ற வெடிப்புகள் வறண்டு கிடக்கும். மயிரிழை போன்றவை ஒன்றையொன்று தொட்டு நீலத்தை அடிவரை இறக்கிவிடும். “எல்லா வெடிப்பும் தண்ணி காவிக்கொண்டு போகாது பிள்ள. ஒண்டோட ஒண்டு தொட்டாத்தான் காவும்” என்பார். ஏழாவது எதையும் தொடாமல் நின்றது. “இது உன்ட வாய் மாதிரி. திறந்துதான் கிடக்கு, ஒண்டும் வராது” என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் தலையைக் குனிந்து சிரித்தேன்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் நேரே கண்ணாடியில் ஒட்டும் பெயர்த்தாளில் ‘பிளவு’ என்று எழுதச் சொன்னவர் அவர். ஊராருக்கு விளங்கட்டும் என்று நான் ‘வெடிப்பு’ என்று எழுதினேன். “சரி, கிடக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

ஒரு காலை அந்தப் பெட்டியை ஊராருக்குக் காட்ட வாவியைக் கடந்து கொண்டுபோனோம். துறையடிச் சோதனைச்சாவடியில், கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்த சிப்பாய் ஒருவன் குழாய் பூட்டிய பெட்டிமேல் குனிந்தான்.

“ஏழு வெடி?”

“வெடி இல்ல ஐயா, கல்லு வெடிச்ச இடம்” என்றார் சேர். அந்த விளக்கத்திலும் வெடி இருந்தது. துப்பாக்கியின் அடிக்கட்டை அவர் வாயில் இறங்கியது. பற்கள் மணலில் விழுந்தன.

“யார் எழுதின?”

நான் இரண்டடி தள்ளி நின்றேன். நான்தான், கிணற்றுக்காக எழுதியது என்று சொல்ல வேண்டிய வாய் திறந்தே கிடந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் எழுதின” என்றார்.

அடுத்த அடியில் பெட்டிமேல் விழுந்தார். கண்ணாடி நொறுங்கிக் கழுத்தில் ஏறியது. கற்கள் குலையவில்லை, இரத்தம் அவற்றுக்கிடையே நீலம் போன வழியிலேயே இறங்கியது. ஏழாவதில் ஒரு துளியும் இல்லை. அதன் பிறகும் மிதித்தார்கள். காலில் பிடித்து இழுத்து ட்ரக்கில் எறிந்தார்கள். உடல்கூட வீடு வரவில்லை. என்னைக் கண்ணாடியைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன்.

அவர் குறித்துவைத்த இடத்தில் பிறகு தோண்டிய கிணறு இன்றும் வற்றவில்லை. இப்போது பாறையைக் கணினியில் வரைகிறார்கள். திரையில் நீலக் கோடுகள் இறங்குவதை நானும் பார்த்தேன். விளக்கம் சொன்னவர்கள் வெடிப்பு என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடித் துண்டை எடுத்தேன். அறையில் யாரும் இல்லை.

“நான்தான் சேர் எழுதின” என்றேன்.