நீந்தத் தெரியாத ஆமை

அப்பா அந்த ஆமையை ஒத்தக்கடையிலிருந்து அரிசிச் சாக்கில் போட்டு, இரண்டு பஸ் மாறி வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒத்தக்கடையில் பிளாட் போடப்போகும் ஒரு இடத்தில் அவர் வாட்ச்மேன். கருவேலம் புதரை ஜேசிபி வழித்து அள்ளும்போது மண்ணோடு மண்ணாக இதுவும் புரண்டு வந்திருக்கிறது. வண்டிக்குக் குறுக்கே போய் நின்று எடுத்தேன் என்றார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக நட்சத்திரம். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் ஆமை விஷயம் அப்பாவுக்குத்தான் தெரியும் என்று நானும் நினைத்திருந்தேன். செக்கானூரணிப் பக்கம் அவர் விவசாயம் பார்த்த காலத்தில் கிணற்றில் ஆமையைப் பிடித்து விடுவார்கள். ஆமை கிடந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் துணி துவைக்கிற தொட்டியில் நாலு விரக்கடை தண்ணீர் விட்டு இதையும் இறக்கினார். அது நாளெல்லாம் சிமெண்டுச் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறது என்றார்.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஆமை புகுந்த வீடு வெளங்குமாண்ணே?" என்று கேட்டார்.

"வாடகை வீடுதான தாயி. வெளங்காட்டி ஒனக்குத்தான்" என்றார் அப்பா.

மழை பிடித்துக்கொண்டதும் ஆமை பிறாண்டுவதை நிறுத்தியது. கண் வீங்கி மூடிக்கொண்டது. மூக்கில் நுரை. வாயைத் திறந்து கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வந்தது. போனில் தேடினேன். இது தரையாமை, காய்ந்த முள்ளுக்காட்டில் இருப்பது, தண்ணீரில் போட்டால் சளி பிடித்து நெஞ்சு கட்டிவிடும் என்று இருந்தது. வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்றும் அதிலேயே இருந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஆமையைத் தூக்கி வேட்டி நுனியால் துடைத்தார், ஓட்டின் இடுக்கு இடுக்காக. திரும்பக் கொண்டுபோய் விடலாம் என்றால் அங்கே புதர் இல்லை. பிளாட் கல் ஊன்றிவிட்டார்கள்.

நாய்க்கு ஊசி போடும் ஒரு டாக்டரிடம் துணிப்பையில் வைத்துத் தூக்கிப் போனோம். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். இதை நான் தொட முடியாது, வனத்துறையில் ஒப்படைத்தால் வைத்தியம் பார்ப்பார்கள் என்றார். சூடாக வைத்திருங்கள் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். நான் அப்போது அரசு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தேன். இருந்தாலும் ஒப்படைத்துவிடலாம் என்றேன். அப்பா தெருவுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"பேரு கேப்பான், அட்ரஸு கேப்பான். நாளைக்கு ஒன்னப் பத்தி விசாரிக்க வர்றவன் கையில அது கெடைக்கும். வேணாம்ப்பா."

"செத்துப்போயிரும்ப்பா."

"அம்புட்டு சீக்கிரம் சாகாது. ஆமை உசுரு."

எல்.இ.டி. பல்பில் சூடு வராது. கோழிக்குஞ்சுக்குப் போடுகிற குண்டு பல்பை அப்பா தேடி வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியில் சாக்கை விரித்து, மேலே பல்பைத் தொங்கவிட்டோம். வெந்நீரில் நனைத்த துணியால் கண்ணைத் துடைத்துவிட்டேன். அம்மா ஆய்ந்து வைத்த கீரை பெட்டிக்குள்ளேயே வாடியது. தினம் புதிதாக வைத்தாள், தினம் அள்ளிக் கொட்டினாள்.

பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்தும் நாள் ஒன்று வந்தது. அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு, ஆமையை வயிற்றின் மேல் வைத்து, போர்வையை இழுத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். சாப்பாட்டுக்கும் எழவில்லை. கரண்ட் வந்த பிறகுதான் அதைப் பெட்டியில் வைத்தார்.

அதற்குப் பிறகு அது கழுத்தை நீட்டவில்லை. விசில் சத்தமும் இல்லை. சளி இறங்கிவிட்டது என்றார். மாடு செத்தால் எங்களுக்குத் தெரியும், மனுசன் செத்தால் தெரியும். ஓட்டுக்குள் கிடப்பதை எப்படிச் சொல்வது? காலை இழுத்துப் பார்க்கலாம் என்று போனில் போட்டிருந்தது. இழுத்தேன். இழுத்த இடத்திலேயே நின்றது. அப்பாவிடம் சொன்னதற்கு அசதியாக இருக்கும் என்றார்.

வாடை வர ஆரம்பித்தது. அம்மா சாம்பிராணி போட்டாள். பெட்டி ஓரமாக எறும்பு சாரை பிடித்தது. வேலை விட்டு வந்ததும் அப்பா கீழே உட்கார்ந்து, கண்ணோரத்து எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்.

"போதும்ப்பா" என்றேன்.

"சூடாத்தானடா இருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன். அப்பா தடுக்கவில்லை. அவர் கை ஓட்டின் மேலேயே இருந்தது. அது ஆறும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.